பருவ வயது மாணவியருக்கு உடலைப் பற்றிக் கற்பித்தல்: காவிரிப் படுகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமப் பள்ளிகளில் பூப்பு, மாதவிடாய் ஆகியவற்றைப் பற்றி வகுப்பெடுக்கும்போது ஆசிரியர்களும் தாய்மாரும் அப்பாயிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம்.

எந்த வகுப்பில் தொடங்க வேண்டும்?

ஐந்தாம் வகுப்பில் தொடங்க வேண்டும். பலருக்கு இது மிகவும் முன்கூட்டியதாகத் தோன்றலாம். ஆனால் பெண் குழந்தையின் உடலில் பருவ மாற்றங்கள் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். முதல் மாதவிடாய் பெரும்பாலோருக்கு 12 அல்லது 13 வயதில் வந்தாலும், 10 வயதில் வருவதும் இயல்பின் எல்லைக்குள்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'வளரிளம் பருவமடைதல்' என்னும் பாடம் எட்டாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கும் நாளில் வகுப்பிலுள்ள மாணவியரில் பலருக்கு மாதவிடாய் தொடங்கி ஓராண்டு ஆகியிருக்கும். உடையில் இரத்தத்தைப் பார்த்துத் தனக்கு ஏதோ காயமோ நோயோ வந்துவிட்டது என்று நடுங்கிய பிறகு ஒரு பிள்ளைக்குச் சொல்லப்படும் பாடம் காலம் கடந்த பாடம். ஆகவே ஐந்தாம் வகுப்பில் ஒரு முறையும், ஆறாம் வகுப்பில் சற்று விரிவாக இன்னொரு முறையும் சொல்லிவிட்டால், எட்டாம் வகுப்புப் பாடம் தெரிந்ததை உறுதி செய்யும் பாடமாக அமையும்.

எதிலிருந்து பேச்சைத் தொடங்குவது?

மாற்றங்கள் நிகழும் வரிசையிலேயே தொடங்குங்கள். முதலில் மார்புக் காம்பின் அடியில் சிறு முடிச்சு போலத் தோன்றும். அது ஒரு பக்கம் மட்டும் முதலில் வரலாம், தொட்டால் வலிக்கலாம், அதைக் கட்டி என்று நினைத்துப் பயப்படும் தாய்மாரும் உண்டு. அடுத்து உடல் உரோமம், முகப்பரு, வியர்வை நாற்றம், வேகமான உயர வளர்ச்சி ஆகியவை ஏறத்தாழ ஒன்றையொன்று ஒட்டி வரும். மாதவிடாய்க்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே உள்ளாடையில் வெண்மையான கசிவு தெரியலாம்; அரிப்போ துர்நாற்றமோ இல்லாதவரை அது நோயன்று. மார்பு வளர்ச்சி தொடங்கி ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். இந்தக் கணக்கைத் தாய்மாருக்குச் சொல்லிவிட்டால் வீட்டில் என்ன, எப்போது தயாராக இருக்க வேண்டும் என்பதை அவர்களே கணித்துக்கொள்வார்கள்.

இரத்தம் ஏன் வருகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைகளுக்கு வேதிச் செய்தி அனுப்புகிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் முதலிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அதனால் கருப்பையின் உட்சுவர் தடிக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை ஒரு முட்டை வெளிவருகிறது. கரு உருவாகாதபோது ஹார்மோன்களின் அளவு குறைந்து, தடித்த உட்சுவர் இரத்தத்துடன் சேர்ந்து வெளியேறுகிறது. கரும்பலகையில் ஒரு படம் வரைந்தால் கால் மணி நேரத்தில் இதைச் சொல்லி முடிக்கலாம். அந்த இரத்தம் உடலின் கழிவோ 'கெட்ட இரத்தமோ' அன்று, கையில் காயம் பட்டால் வரும் அதே இரத்தந்தான் என்பதைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் இதற்கு நேர் எதிராகவே சொல்லப்பட்டிருக்கும்.

நம் ஊரில் இந்த இடத்தில் நாற்றங்கால் உவமை உடனே நாவில் வந்துவிடும். எனக்கு அது உடன்பாடில்லை. விதைக்காகக் காத்திருக்கும் நிலம் என்று ஒரு சிறுமிக்கு அவளுடைய உடலை அறிமுகப்படுத்துவதைக் காட்டிலும், இது உன் உடல், இது இவ்வாறு இயங்குகிறது என்று நேரே சொல்வது நல்லது.

எத்தனை நாள், எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

இரண்டு நாள் முதல் ஏழு நாள் வரை போகலாம். ஒரு முறையில் வெளியேறும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். பார்வைக்கு அதிகமாகத் தெரிவதால் 'குடம் குடமாய்ப் போகுது' என்று பிள்ளைகள் சொல்வார்கள். வளரிளம் பெண்களுக்கு 21 நாள் முதல் 45 நாள் வரையிலான இடைவெளி இயல்பானது. தொடக்கத்து இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லா மாதமும் முட்டை வெளிவருவதில்லை என்பதால் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். காலண்டரில் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே கற்றுக்கொடுங்கள். பின்னால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே விடை.

வலிக்கு என்ன செய்வது?

கருப்பைத் தசை சுருங்குவதற்குக் காரணமான புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் சுரப்பதால்தான் அடிவயிற்றில் வலி வருகிறது. சுடுநீர்ப் பையோ, சுடுநீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டிலோ அடிவயிற்றில் வைத்தால் பலருக்குத் தணியும். மெல்லிய நடையும் உதவும். அதற்கும் அடங்காத வலிக்கு மருத்துவர் சொல்லும் அளவில் வலிநிவாரணி எடுத்துக்கொள்வதில் தவறில்லை, 'மாத்திரை போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது' என்ற பேச்சுக்கு ஆதாரமும் இல்லை. ஆசிரியர் தம் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மாதந்தோறும் ஒரு மாணவி வலியால் விடுப்பு எடுக்கிறாள் என்றால், அதை 'பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்' என்று ஒதுக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

துணி நல்லதா, நாப்கின் நல்லதா?

சுத்தமான எதுவும் நல்லது. பருத்தித் துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நேரடி வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்தினால் அதில் குறையொன்றுமில்லை. சிக்கல் துணியில் இல்லை, அதைக் காயவைக்கும் இடத்தில் இருக்கிறது. ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று புடவைக்கு அடியிலோ, தென்னங்கீற்றுச் சார்ப்பின் இருட்டு மூலையிலோ கொடி கட்டிக் காயப்போடுவதால் துணி ஈரம் ஆறாமலே அடுத்த முறைக்கு வந்துவிடுகிறது, தொடையிடுக்கில் அரிப்பும் பூஞ்சைத் தொற்றும் அதைத் தொடர்ந்து வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலே கிடையாது என்னும்போது துணியை மட்டும் நம்பியிருப்பது சிரமம். அந்த மாதங்களுக்கு நாப்கின் வைத்துக்கொள்வதும், துணிதான் என்றால் ஒரே துணியைச் சுழற்றாமல் கூடுதலாகச் சில துணிகள் வைத்துக்கொண்டு, காய்ந்ததை இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்து எடுப்பதும் பயன் தரும்.

எதைப் பயன்படுத்தினாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இரத்தம் குறைவாக இருந்தாலும் அப்படித்தான். உடலுக்குள் வைத்து இரத்தத்தைச் சேகரிக்கும் சிலிக்கோன் கப் 12 மணி நேரம் வரை தாங்கும், பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் கொதிநீரும் தனிமையும் தேவைப்படுவதால் பள்ளிச் சிறுமிக்கு முதல் தேர்வாக நான் சொல்வதில்லை.

புதுயுகம் திட்டத்தில் கிடைக்கும் நாப்கின் போதுமா?

2012இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுயுகம் திட்டத்தின்படி 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பொட்டலங்கள் இலவசமாகத் தரப்படுகின்றன. பொட்டலத்துக்கு ஆறு நாப்கின்கள். கணக்குப் போட்டால் மாதத்துக்கு ஒன்பது வருகிறது. ஐந்து நாள் போகும் ஒரு மாணவி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் அவளுக்குப் பதினைந்துக்கும் மேல் வேண்டும். நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்த ஒன்பதைக் கொண்டே மாதத்தை ஓட்டிவிட நினைக்கும் பிள்ளை காலையில் வைத்ததை மாலை வீடு திரும்பும்வரை வைத்திருப்பாள் என்பதை ஆசிரியர்கள் உணர வேண்டும். பள்ளியில் கிடைப்பதைப் பள்ளி நேரத்துக்கு வைத்துக்கொண்டு, வீட்டில் துவைத்த துணியைப் பயன்படுத்துவது பல குடும்பங்களுக்கு ஏற்ற வழியாக இருக்கிறது.

பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது?

படுகை மாவட்டங்களில் எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வி இதுதான். வேறு ஊர்களில் 'குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். நம் பகுதியின் பல ஊர்களில் மழைக்காலத்தில் இரண்டடி தோண்டினாலே நீர் ஊறும். நாப்கினிலுள்ள பிளாஸ்டிக் உறையும் உறிஞ்சும் பொருளும் மட்குவதுமில்லை, அடுத்த மழையில் மேலே வந்துவிடும். வாய்க்காலில் வீசினால் மதகிலோ தூம்பிலோ சிக்கி நிற்கும். அதே வாய்க்காலில்தான் கீழூர்க்காரர்கள் குளிக்கிறார்கள், மாட்டையும் குளிப்பாட்டுகிறார்கள். கழிவறைக் கோப்பையில் போட்டால் குழாய் அடைத்துக்கொண்டு, கடைசியில் யாரோ ஒருவர் கையை விட்டு எடுக்கும்படி ஆகிறது. திறந்த வெளியில் எரித்தால் பாதி எரிந்து பாதி புகையும்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாப்கினை உறையிலோ தகுந்த தாளிலோ இறுகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்கின்றன. ஊராட்சித் தூய்மைக் காவலர்கள் வரும் ஊர்களில் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, மற்ற குப்பையுடன் கலக்காமல் கொடுப்பதே சரி. எதைத் தொடுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அதை எடுப்பவருக்கு உண்டு. பள்ளியில் நாப்கின் எரியூட்டும் இயந்திரம் இருந்தால் அது வேலை செய்கிறதா, யார் சாம்பலை அகற்றுகிறார் என்பதை மாதம் ஒருமுறை தலைமையாசிரியர் நேரில் பார்க்க வேண்டும். வாங்கிவைத்து, மின்சுற்று பழுதாகி, மேலே துடைப்பம் சாத்திவைக்கப்பட்ட இயந்திரங்கள் பல இருக்கின்றன. துணிப் பட்டையை மீண்டும் பரிந்துரைக்க எனக்குள்ள முதன்மையான காரணமும் இந்தக் குப்பைதான்.

புயல், வெள்ளக் காலத்தில் முகாமில் தங்க நேர்ந்தால்?

2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைப் பார்த்த நமக்கு இது கற்பனைக் கேள்வியன்று. நிவாரண முகாமாக மாற்றப்படுவது பெரும்பாலும் பள்ளிக்கூடமே. அரிசி, பாய், மெழுகுவத்தி எழுதும் பட்டியலிலேயே நாப்கின், உள்ளாடை, சோப்பு, மூடியுள்ள வாளி ஆகியவற்றையும் எழுதிவிடுங்கள். ஆண்களே பொருள் வழங்கும் மேசையில் பெண்கள் இவற்றைக் கேட்க மாட்டார்கள் என்பதால் வழங்குவதற்கு ஒரு பெண்ணை அமர்த்துங்கள்.

வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை தருகிறோம். இது சரிதானா?

சரிதான். உளுந்தில் புரதம் இருக்கிறது, முட்டையில் இன்னும் தரமான புரதம் இருக்கிறது, கருப்பட்டியும் எள்ளும் சேர்ந்தால் உணவு நிறைவாகிறது. பச்சை முட்டையைக் கொடுக்காமல் வேகவைத்துக் கொடுங்கள். என் மனக்குறை வேறு: அந்தச் சில நாட்களுக்கு மட்டும் இப்படிக் கவனித்துவிட்டு, பிறகு அண்ணன் தம்பிகள் தின்று மிஞ்சியதே அவளுக்கு என்று ஆகிவிடுகிறது. மாதந்தோறும் இரத்தம் இழப்பவளுக்கு மாதந்தோறும் இரும்புச்சத்து வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதைத் தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று காட்டியது. சம்பா அறுப்புக்குப் பின் நம் வயலிலேயே விளையும் உளுந்தும் பச்சைப்பயறும், வேலியோர முருங்கைக்கீரையும், அவற்றுடன் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ போதும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும்.

பள்ளியில் தரும் நீல நிற மாத்திரை எதற்கு? பிள்ளைகள் துப்பிவிடுகிறார்களே?

அது இரத்தசோகையைத் தடுக்க இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, வாரத்துக்கு ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் மதிய உணவுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் துப்ப மாட்டார்கள். ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு மாத்திரையும் இதே காரியத்துக்குத்தான், ஏனெனில் சேற்று வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களின் உடலில் புகும் கொக்கிப்புழு குடலிலிருந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது.

சடங்கு, குச்சு, தீட்டு ஆகியவற்றைப் பற்றி வகுப்பில் என்ன சொல்வது?

மிகவும் கவனமாகப் பேச வேண்டிய பகுதி இது. தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டுவதும், சீர்வரிசைத் தட்டுகளும், மஞ்சள் நீராட்டும் ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி. கடன் வாங்கிப் பந்தல் போடுவதும் தெருவெங்கும் பிளக்ஸ் வைப்பதும் பற்றி எனக்குக் கருத்து இருந்தாலும், அதை ஒரு பதினோரு வயதுப் பிள்ளையிடம் சொல்லி அவளைத் தன் வீட்டாருக்கு எதிராக நிறுத்துவது ஆசிரியரின் வேலையன்று. சில பிள்ளைகளுக்கு அந்த விழா பிடிக்கும், சிலர் தம் உடலின் செய்தி ஊருக்கே சொல்லப்படுவதை நினைத்துக் கூசிப் போவார்கள், இரண்டும் நியாயந்தான். 'உனக்கு என்ன வேண்டும் என்பதை அம்மாவிடம் சொல்லிப் பார்' என்பதற்கு மேல் போக வேண்டியதில்லை.

ஆனால் பள்ளி நாட்கள் விஷயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். ஏழு, ஒன்பது, பதினாறு நாள் என்று வீட்டுக்கு வீடு வேறுபடும் விலக்கில் பிள்ளை பாடத்தை இழக்கிறாள். தாயிடம், 'நல்லபடியாகச் செய்யுங்கள் அம்மா, திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், சடங்கை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாமே' என்று மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலோர் கேட்கிறார்கள். நடவுக் காலத்தில் தாய் விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவதால் வீட்டில் முடிவு சொல்பவர் அப்பாயியாகவோ அம்மாச்சியாகவோ இருப்பார். அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் தாயிடம் மட்டும் பேசுவதில் பயனில்லை. தனித் தட்டு, திண்ணையில் படுக்கை, தலையணை தரக்கூடாது என்பன போன்ற விலக்குகளுக்கு உடலறிவியல் காரணம் ஏதும் இல்லை என்பதை மட்டும் வகுப்பில் தெளிவாகச் சொல்லிவிடலாம். மாட்டுக் கொட்டகையிலோ பாதுகாப்பற்ற வெளியறையிலோ தனியே படுக்கவைக்கிறார்கள் என்று தெரிந்தால் அப்போது பேசாமல் இருக்கக்கூடாது.

குளிக்கலாமா, விளையாடலாமா, செடியைத் தொடலாமா?

தினமும் குளிக்கலாம், தலைக்கும் ஊற்றிக்கொள்ளலாம். விளையாடலாம், சைக்கிள் ஓட்டலாம். தொட்டால் மல்லிகைக்கொடி பட்டுப்போகாது, ஊறுகாய் கெடாது. வேண்டுமானால் பள்ளித் தோட்டத்துச் செடி ஒன்றுக்கு மாணவியரையே முறைவைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பார்க்கலாம்.

'வயசுக்கு வந்துட்டா, படிச்சது போதும்' என்று நிறுத்தப் பார்க்கிறார்களே?

பூப்பு என்பது திருமணத்துக்கான தகுதிச் சான்றன்று. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். 1098 என்ற சிறார் உதவி எண்ணுக்கு யாரும் தகவல் தரலாம். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்கு முன், அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக் கல்லூரி சேரும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது என்பதைத் தந்தையிடம் சொல்லிப் பாருங்கள். அந்தத் திட்டத்தின் முன்வடிவம் நம் மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரிலான திருமண உதவித் திட்டம் என்பதையும், திருமணத்துக்குப் போன பணம் படிப்புக்குத் திரும்பியிருக்கிறது என்பதையும் சொல்லலாம்.

ஆண் ஆசிரியர் மட்டுமே இருக்கும் பள்ளியில் என்ன செய்வது?

கிராம சுகாதாரச் செவிலியரையோ பக்கத்துப் பள்ளி ஆசிரியையையோ அழைக்கலாம். அதற்காக ஆண் ஆசிரியர் முழுவதும் ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. மாணவி எழுந்து கழிவறைக்குப் போக அனுமதி கேட்டால் காரணம் கேட்காமல் அனுப்புவது, மேசை இழுப்பறையில் நாப்கின் வைத்திருப்பது, உடையில் கறை பட்டவளைக் கேலி செய்யும் பையனை அந்த இடத்திலேயே நிறுத்துவது ஆகியவை அவர் செய்ய வேண்டியவை. பையன்களுக்கும் குரல் உடைதல் முதலிய தம் மாற்றங்களோடு மாதவிடாயையும் சேர்த்தே ஒரு வகுப்பு நடத்திவிட்டால் கேலி வெகுவாகக் குறைகிறது.

அறிவுசார் குறைபாடுள்ள மாணவிக்கு எப்படிக் கற்பிப்பது?

செய்துகாட்டிக் கற்பிக்க வேண்டும், அதுவும் மாதவிடாய் வருவதற்கு முன்பே. நாப்கினில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, உள்ளாடையில் ஒட்டுவது, எடுப்பது, சுற்றுவது, கை கழுவுவது என்று ஒரே வரிசையில் பல நாள் பழக்கினால் பலர் தாமாகவே செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். சுத்தம் பேணச் சிரமமாக இருக்கிறது என்பதற்காகக் கருப்பையை அகற்றிவிடலாமா என்று சோர்ந்துபோன சில தாய்மார் கேட்பதுண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பெரிய அறுவை சிகிச்சையான அதை வசதிக்காகச் செய்யக்கூடாது, பயிற்சியும் மருத்துவர் தரும் மாற்று வழிகளும் இருக்கின்றன.

எந்த நிலையில் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்?

8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தொடங்கினால். 13 வயதாகியும் தொடங்காவிட்டால். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால். ஏழு நாளுக்கு மேல் நீடித்தால். ஒவ்வொரு மணி நேரமும் நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால். தொடங்கிய பிறகு மூன்று மாதம் வராமலே இருந்தால். மயக்கம், மூச்சிரைப்பு, வெளிறிய கண்ணிமை தெரிந்தால். 104 என்ற இலவச எண்ணில் முதலில் ஆலோசனை கேட்கலாம்.

ஒரு மாணவி தனியே வந்து, தன்னை யாரோ தவறாகத் தொட்டதாகச் சொன்னால்?

நம்புங்கள், குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற எண்ணிலும், மாணவர்களுக்கான 14417 என்ற எண்ணிலும் உதவி கிடைக்கும்.

வகுப்பு முடிந்தால் யாருமே கேள்வி கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

பெயர் எழுதாமல் துண்டுத்தாளில் எழுதி ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். எல்லோரும் எழுத வேண்டும், கேள்வி இல்லாதவர் 'கேள்வி இல்லை' என்றாவது எழுத வேண்டும் என்று வைத்தால்தான் எழுதியது யார் என்று தெரியாது. 'டீச்சர், எனக்கு மட்டும் இன்னும் வரலையே?' என்பது ஏறத்தாழ எல்லாப் பெட்டியிலும் இருக்கும். 'இதோட நான் வளர மாட்டேனா?' என்றும் வரும். முதல் மாதவிடாய்க்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறைந்தாலும் இன்னும் சில சென்டிமீட்டர் வளர்வாள் என்று சொல்லுங்கள். 'எத்தனை வயசு வரைக்கும் வரும்?' என்று கேட்பவளுக்கு, பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் நின்றுவிடும் என்று விடை சொல்லிவிட்டு, அந்த வயதை நெருங்கும் அம்மாவோ பெரியம்மாவோ வீட்டில் இரவில் திடீரென்று வியர்த்து எழுந்து உட்கார்ந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.